கை சொல்வதைக் கேட்காதே!

(1975-ஆம் ஆண்டு மெக்கானிக்கல் பிரிவு மாணவர்களின் பொன்விழாச் சந்திப்பில், ‘நான் கற்ற ஒரு பாடம்’ என்ற அமர்வில் ஆற்றிய உரை. மலர்க் குழுவினரின் வேண்டுகோளுக்கிணங்க எழுதித் தரப்பட்டது.)



எனக்கு ஒதுக்கியிருக்கும் நேரம் இருபது நிமிடம். அதுவும் வடை பாயசத்தோடு மதியச் சாப்பாடு முடிந்த கையோடு. இந்த நேரத்தை எனக்குக் கொடுத்த செயலாளர், முதலாண்டு விடுதியில் என் அறைத்தோழர். பழைய கணக்கு எதையோ தீர்க்கிறார் என்று நினைக்கிறேன். தூக்கம் வருகிறவர்கள் தாராளமாகத் தூங்கலாம். குறட்டை மட்டும் வேண்டாம்.

போன மாதம் என் பேத்தி தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டாள். வயது பத்தொன்பது. அமெரிக்காவில் ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். அந்தப் பைத்தியம் என்னிடமிருந்து ஒட்டியது என்று என் மகன் இன்றுவரை என்னோடு சண்டை. அவள் கேட்டாள்: “தாத்தா, கருவிப் பலகையில் ‘லோ-ஜி புஷ்ஓவர் தடை செய்யப்பட்டுள்ளது’ன்னு ஒரு பட்டி ஒட்டியிருக்காங்க. அது எப்படி இருக்கும்னு ஒரே ஒரு தடவை, ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது செய்து காட்டச் சொல்லலாமா?”

இந்தக் கேள்விக்கு அவளிடம் ‘கூடாது’ என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் ஏன் கூடாது என்பதை ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. அதைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

முதலில் ‘லோ-ஜி’ என்றால் என்ன? நம் கல்லூரி பஸ் ஞாபகம் இருக்கிறதா? இன்டஸ்ட்ரியல் டூர் போகும்போது கடைசி சீட்டுக்கு ஏன் அடிதடி நடந்தது? வழியில் ஒரு கல்வெர்ட் மேடு வரும். “அண்ணே, மெதுவாப் போயிடாதீங்க”ன்னு டிரைவரிடம் முன்கூட்டியே கெஞ்சி வைப்போம். மேட்டில் ஏறி இறங்கும் அந்த நொடியில் வயிறு தொண்டைக்கு வரும், உட்கார்ந்த இடத்திலிருந்து அரை அடி கிளம்புவோம், எல்லோரும் ‘ஓ’வென்று கத்துவோம். அந்த நொடியில் நம் உடம்பு எடையை இழக்கிறது. புவியீர்ப்பு அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் சீட்டு நம்மைத் தாங்கவில்லை. அவ்வளவுதான் லோ-ஜி. பஸ்ஸில் அது விளையாட்டு.

அதே விளையாட்டை ஹெலிகாப்டரிலும் செய்யலாம். கொஞ்சம் மேலேறி, உடனே கட்டைக் கழியை முன்னால் தள்ளினால் மூக்கு கீழே போகும், எல்லோரும் சீட்டைவிட்டுக் கிளம்புவார்கள். கூட வந்தவர்களைச் சிரிக்க வைக்க இப்படிச் செய்த விமானிகள் உண்டு. சிலவகைச் சிறு ஹெலிகாப்டர்களில் அது உயிரைக் குடிக்கும்.

இப்போது அந்தச் சிறு ஹெலிகாப்டரைப் பற்றி. ஃபிராங்க் ராபின்சன் என்ற அமெரிக்க எஞ்சினியர், பெரிய ஹெலிகாப்டர் கம்பெனிகளில் வேலை பார்த்துவிட்டு, 1973-ல் அதை உதறிவிட்டுச் சொந்தமாகக் கம்பெனி தொடங்கினார். சாதாரண மனிதன் வாங்கக்கூடிய, இரண்டே பேர் உட்காரும் ஹெலிகாப்டர் அவர் கனவு. அந்த ஆர்-22 முதன்முதலில் பறந்தது 1975 ஆகஸ்டில். நாம் சான்றிதழை வாங்கிக்கொண்டு வேலைக்கு விண்ணப்பம் எழுதிக் கொண்டிருந்த அதே நாட்களில்! 1979-ல் அரசு அனுமதி கிடைத்தது. ஆள், பெட்ரோல் எல்லாம் சேர்த்து அதிகபட்சம் சுமார் 620 கிலோதான். நான்கு பேர் உட்காரும் ஆர்-44 வந்தது 1992-ல். சொந்த உபயோகத்துக்கென்று அவர் செய்த ஆர்-22, விலை மலிவு என்பதால் பயிற்சிப் பள்ளிகளுக்குள் புகுந்துவிட்டது. அதாவது அனுபவம் குறைந்தவர்களின் கையில்.

நாமெல்லாம் மெக்கானிக்கல்காரர்கள் என்பதால் கொஞ்சம் மெக்கானிசம் சொன்னால் கோபிக்க மாட்டீர்கள். இந்த ஹெலிகாப்டரின் தலைக்கு மேலுள்ள ரோட்டரில் இரண்டே இறக்கைகள். நடுவில் ஒரு கீல். பார்க்கில் பிள்ளைகள் ஆடும் சீசா பலகை போல, ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்கும். இதைத் தாங்கி நிற்கிற செங்குத்துத் தண்டுக்குப் பெயர் மாஸ்ட். விமானி சைக்ளிக் என்ற கழியை எந்தப் பக்கம் அசைக்கிறாரோ, ரோட்டர் அந்தப் பக்கம் சாயும். ஹெலிகாப்டரின் உடம்பும் பின்னாலேயே சாயும்.

உடம்பு ஏன் சாய்கிறது? இதுதான் கதையின் உயிர்நாடி. கிணற்றில் வாளி தொங்குவதை நினைத்துப் பாருங்கள். கயிறு விறைப்பாக இருக்கும்வரை, மேலே கயிற்றை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் வாளி அந்தப் பக்கம் வரும். கயிறு தொய்ந்து போனால்? மேலே நீங்கள் என்ன ஆட்டினாலும் வாளிக்கு அது தெரியவே தெரியாது. ஹெலிகாப்டரின் உடம்புதான் வாளி. ரோட்டர் அதைத் தூக்கும் விசைதான் கயிறு. லோ-ஜியில் கயிறு தொய்ந்து விடுகிறது.

அந்த நேரத்தில் வால் ரோட்டர் மட்டும் தன் வேலையை விடாமல் செய்கிறது. உடம்பு தட்டாமாலை சுற்றாமல் தடுக்க அது எப்போதும் வாலை வலப்புறமாகத் தள்ளிக் கொண்டிருக்கிறது. அது இருக்கும் இடமோ, உடம்பின் எடை மையத்துக்கு மேலே. மேல் ரோட்டரின் பிடிப்பு இருக்கும்போது இது சமன்படும். பிடிப்புப் போனதும், வால் தள்ளும் தள்ளில் உடம்பு வலப்பக்கம் உருள ஆரம்பிக்கும்.

வலப்பக்கம் உருண்டால் விமானியின் கை என்ன செய்யும்? யாரும் சொல்லித் தர வேண்டாம். கழியை இடப்பக்கம் இழுக்கும். நீங்களும் அதைத்தான் செய்வீர்கள், நானும் அதைத்தான் செய்வேன். அங்கேதான் எமன் காத்திருக்கிறான். கழிக்குக் கீழ்ப்படிந்து ரோட்டர் இடப்பக்கம் சாய்கிறது. கயிறு தொய்ந்த உடம்போ வலப்பக்கமே உருள்கிறது. ‘போதவில்லை போலிருக்கிறதே’ என்று கை இன்னும் இடப்பக்கம் இழுக்கிறது. சீசா பலகை தன் எல்லையைத் தாண்டிச் சாய்ந்து, ரோட்டரின் நடுப்பகுதி மாஸ்ட்டிலேயே மோதுகிறது. மாஸ்ட் முறியலாம், அல்லது இறக்கை வந்து வாலையோ கேபினையோ வெட்டலாம். ஆங்கிலத்தில் இதை ‘மாஸ்ட் பம்ப்பிங்’ என்பார்கள். ‘பம்ப்பிங்’ என்றால் லேசாக இடித்துக்கொள்வது என்று தோன்றுகிறது. பேரைக் கேட்டு ஏமாறக் கூடாது. அதற்குப் பிறகு விமானி செய்ய ஒன்றுமே இல்லை. இது ராபின்சன் கம்பெனியின் தயாரிப்புக்கு மட்டும் உள்ள நோயும் அல்ல. இரண்டு இறக்கை சீசா ரோட்டர் கொண்ட பெல் கம்பெனியின் ஹ்யூயி, கோப்ரா ஹெலிகாப்டர்களில் அமெரிக்க ராணுவமும் இதே பாடத்தை உயிர்களைக் கொடுத்துக் கற்றது.

சரியான வழி என்ன? உருண்டாலும் உருளட்டும் என்று விட்டுவிட்டு, முதலில் கழியை மெதுவாகப் பின்னால் இழுக்க வேண்டும். கயிறு மறுபடி விறைக்கும். எடை திரும்பி வரும். அதற்குப் பிறகுதான் சாய்வைத் திருத்த வேண்டும். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! ஆனால் உடம்பு தலைகுப்புறப் போகும்போது ‘முதலில் இதைக் கவனிக்காதே’ என்று கையிடம் யார் சொல்வது?

இனி என் கதை. எண்பதுகளில் கலிபோர்னியாவில் ஒரு கம்பெனியில் டிசைன் வேலை பார்த்தபோது, வாரக் கடைசிகளில் சிறு விமானம் ஓட்டக் கற்று லைசென்ஸும் வாங்கினேன். நாற்பது வயதில், 1994-ல், ஹெலிகாப்டர் ஆசை வந்தது. விமானம் ஓட்டத் தெரிந்தவன்தானே, இது என்ன பிரமாதம் என்ற நினைப்பு. அந்த நினைப்பேதான் ஆபத்து என்று பின்னால் தெரிந்துகொண்டேன். விமானக்காரர்கள் ஹெலிகாப்டர் ஓட்டினால் அபாயம் அதிகம் என்று, 1993-லேயே ராபின்சன் கம்பெனி தனியாக ஒரு பாதுகாப்புக் குறிப்பு வெளியிட்டிருந்தது. லோ-ஜி அபாயத்தைப் பற்றிய குறிப்பு அதற்கும் பத்து வருடம் முன்பு, 1982-ல் வந்தது. இரண்டும் என் ஃபைலில் இருந்தன. படித்தும் இருந்தேன். பரீட்சைக்குப் படித்த மாதிரி.

அக்டோபர் மாதம் ஒரு காலை. பதினைந்து மணி நேரப் பயிற்சி முடிந்திருந்தது. ஒரு குன்றைத் தாண்டுவதற்காக மேலேறிக் கொண்டிருந்தோம். திடீரென்று எதிரில் கொஞ்சம் மேலே ஒரு சிறு விமானம். நிஜத்தில் அது நல்ல தூரத்தில் இருந்திருக்கிறது. என் கண்ணுக்கு முகத்துக்கு நேரே வந்தது போலிருந்தது. யோசிக்கவே இல்லை. குனிந்து தப்பிப்பதுபோல் கழியை முன்னால் தள்ளிவிட்டேன்.

வயிறு மேலே வந்தது. தொடையில் வைத்திருந்த பென்சில் மிதந்து கிளம்பியதை இன்றும் என் கண்ணால் பார்க்கிறேன். வலப்பக்கம் உருள ஆரம்பித்தது. என் கை இடப்பக்கம் கிளம்பியது. ஆனால் நகரவில்லை. கழியின் மறுபக்கப் பிடியில் ஆசிரியரின் கை இரும்பு மாதிரி இருந்தது. மெதுவாக, அவசரமே இல்லாமல், அவர் பின்னால் இழுத்தார். எடை திரும்பியது. பிறகு நேராக்கினார். எல்லாம் சேர்ந்து இரண்டு விநாடிகூட இருக்காது. பென்சில் தரையில் விழுந்து உருண்ட சத்தத்தைத்தான் முதலில் கேட்டேன்.

திரும்பி வரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கிய பிறகு ஒரு சிறு ஏணியைக் கொண்டுவந்து போட்டு, டார்ச் லைட்டைக் கையில் கொடுத்து, மேலே ஏறிப் பார்க்கச் சொன்னார். மாஸ்ட்டின் உச்சியில், ரோட்டர் மோதாமல் தடுக்கும் ரப்பர்த் தடுப்பு இரண்டு இருக்கும். ஒவ்வொன்றும் உள்ளங்கையில் அடங்கும் அளவுதான். “உனக்கும் எனக்கும் நடுவில் இன்றைக்கு இருந்தது அவ்வளவுதான்” என்றார். எனக்குக் கால் நடுங்கியது. அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் எதுவும் சொல்லவில்லை. இன்றுதான் சொல்கிறேன். முன்வரிசையிலிருந்து அவள் பார்க்கும் பார்வையைப் பார்த்தால், லோ-ஜியே தேவலாம் போலிருக்கிறது.

எனக்குப் பக்கத்தில் ஒரு கை இருந்தது. சில பேருக்குப் பக்கத்தில் ஆசிரியர் இருந்தும் பலனில்லை. 1992 ஜூன் மாதம் கலிபோர்னியாவில் ரிச்மண்ட் என்ற ஊருக்கு அருகே ஓர் ஆர்-22 நடுவானில் உடைந்து, ஆசிரியரும் மாணவரும் இறந்தார்கள். பாடத்தைத் திரும்பக் கேட்பதற்காக மாணவர் ஒரு சிறு டேப் ரெக்கார்டரை ஓட விட்டிருந்தார். இந்தச் சிறு ஹெலிகாப்டர்களில் கறுப்புப் பெட்டி கிடையாது என்பதால், அந்த டேப்தான் சாட்சி. ஆசிரியர் சாதாரணமாகப் பேசிக் கொண்டிருக்கிறார். ஒரு வாக்கியத்தின் பாதியில் விபரீதச் சத்தம். எச்சரிக்கக்கூட நேரமில்லை.

இப்படிப்பட்ட விபத்துகளை அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்து, 1996-ல் தனி அறிக்கையே வெளியிட்டது. அதற்கு முன்பே, 1995-ல், அந்நாட்டு மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம் விதிகளைக் கொண்டுவந்தது. மார்ச் மாதம் வந்தது ‘சிறப்பு விதி 73’. ஆர்-22, ஆர்-44 ஓட்டும் யாராக இருந்தாலும், எத்தனை பெரிய விமானியாக இருந்தாலும், மாஸ்ட் பம்ப்பிங், லோ-ஜி, ரோட்டர் வேகம் குறைதல் ஆகியவை பற்றித் தனிப்பாடம் கேட்டே ஆக வேண்டும். மாணவர் தனியாகப் பறக்குமுன் ஆசிரியரோடு 20 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஹெலிகாப்டரில் மொத்தம் 200 மணி, அதில் ஆர்-22-ல் 50 மணி என்ற அனுபவம் இல்லாதவர் ஆர்-22-க்குத் தலைமை விமானியாக வேண்டுமானால், அதே ரகத்தில் 10 மணி நேரம் கூடுதல் பயிற்சி. அதே ஆண்டு வந்த வேறு உத்தரவுகள் இன்னும் கறார். லோ-ஜி புஷ்ஓவர் அறவே கூடாது, அதைக் கண்முன்னே பட்டியாக ஒட்டி வைக்க வேண்டும். காற்றின் குலுக்கலே கயிற்றைத் தொய்ய வைக்கலாம் என்பதால், தேவையான அனுபவமும் பயிற்சியும் இல்லாதவர்கள் தரைக்காற்று 25 நாட் வேகத்தைத் தாண்டினால் பறக்கக் கூடாது. 25 நாட் என்றால் மணிக்குச் சுமார் 46 கிலோமீட்டர்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். மார்ச் மாத விதி, ‘லோ-ஜியின் விளைவுகளையும் மீளும் முறையையும் பறக்கும் பயிற்சியில் சொல்லிக் கொடு’ என்றது. அதே வருடம் வந்த உத்தரவு, ‘லோ-ஜியே கூடாது’ என்றது. ஒரு கை செய் என்கிறது, மறு கை செய்யாதே என்கிறது! சர்க்கார் காரியம் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது. தற்காலிகம் என்று வந்த விதி 73, பலமுறை நீட்டிக்கப்பட்டு, 2009-ல் முடிவுத் தேதியே இல்லாமல் ஆக்கப்பட்டது. அந்த முரண்பாடு சீராக 2024 வரை ஆயிற்று. அந்த ஆண்டுதான், வானத்தில் லோ-ஜி பயிற்சி தேவையில்லை, தரையில் பாடமாகச் சொல்லிக் கொடுத்தால் போதும் என்று திருத்தினார்கள். என் பேத்தி கேட்ட கேள்வியை ஒரு தேசமே இருபத்தொன்பது வருடம் கேட்டுக் கொண்டிருந்திருக்கிறது!

விதிகள் வந்ததால் விபத்து அடியோடு நின்றுவிட்டதா என்றால், இல்லை. அமெரிக்காவில் குறைந்தது. மலையும் பேய்க்காற்றும் நிறைந்த நியூசிலாந்தில் தொடர்ந்தது. 2016-ல் அந்நாட்டு விபத்து விசாரணை ஆணையம், ராபின்சன் ஹெலிகாப்டர்களின் மாஸ்ட் பம்ப்பிங்கைத் தன் கவலைப் பட்டியலிலேயே சேர்த்தது. அண்மை ஆண்டுகளில் கம்பெனி வாலிலுள்ள கிடைமட்டத் தகட்டின் அமைப்பை மாற்றி, வலப்பக்க உருளலைக் குறைக்க முயன்றிருக்கிறது. டிசைனை மாற்றுவதுதான் நல்ல எஞ்சினியரிங். வெறும் பட்டியை ஒட்டிவிட்டுப் பொறுப்பு முடிந்தது என்று இருக்கக் கூடாது. இதை நம் தொழிலின் மனசாட்சியாகச் சொல்கிறேன். ஆனால் டிசைன் மாறும்வரை, மாறிய பிறகும், அந்தப் பட்டிக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும்.

“ஆபத்து என்றால் பழகித்தானே தெரிந்துகொள்ள வேண்டும்?” என்று இங்கே சில பேர் மனதுக்குள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எஞ்சின் நின்றுபோவதும் ஆபத்துதான். ஆர்-22-ல் எஞ்சின் நின்றால், ரோட்டர் வேகம் விழுவதற்குள் செயல்பட ஒரு விநாடிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் நேரம். அதை நாங்கள் திரும்பத் திரும்பப் பழகினோம், கை தானாகச் செய்கிற அளவுக்கு. பழகினால் கை கற்றுக்கொள்ளும் ஆபத்து அது. லோ-ஜி அப்படி அல்ல. அங்கே கை பிறந்ததிலிருந்து கற்று வைத்திருப்பதே எதிரி. அதைத் திருத்தப் பழகலாம் என்றால், பழகும்போது ஒரு தடவை தவறினாலும் இரண்டாம் தடவை கிடையாது. ஆகவே முதல்வகை ஆபத்தைப் பழகி வெல்ல வேண்டும். இரண்டாம்வகை ஆபத்தின் வாசலுக்கே போகக் கூடாது. எது எந்த வகை என்று பிரித்துச் சொல்வதுதான் விதியின் வேலை. அதில் நம் திறமையை அவமதிப்பது எதுவுமில்லை.

இதை நமக்கு முதன்முதலில் சொன்னவர் யார் தெரியுமா? நம் வொர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர்தான். லேத்தின் சக்கில் சாவியை மாட்டிவிட்டுக் கையை எடுத்தால் போதும், ஸ்கேலால் விரலில் ஒரு அடி. “சார், மெஷின் ஆஃப்லதானே இருக்கு?” என்று நான் ஒரு தடவை வாதாடினேன். “ஆஃப்ல இருக்கும்போது எடுக்காத கை, ஆன்ல இருக்கும்போது எங்கடா எடுக்கப் போகுது?” என்றார். அவரை மிமிக்ரி செய்து ஹாஸ்டல் டே அன்று கைதட்டல் வாங்கினேன். மறு செமஸ்டர், யாரோ விட்டுப் போன சாவி ஓடும் லேத்திலிருந்து பறந்து, என் தலைக்கு ஒரு சாண் மேலே ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. அப்போதும் நான் புரிந்துகொள்ளவில்லை. ஒரு சாண் கீழே பறந்திருந்தால் இன்று இந்த உரை இல்லை, நீங்களும் நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம்.

அவர் இன்று நம்மிடையே இல்லை. விதிகளை எழுத வைத்தவர்கள் பெரும்பாலும் இருப்பதில்லை. அந்த ரிச்மண்ட் டேப்பில் பாதியில் நின்ற வாக்கியத்தின் மீதிதான், கருவிப் பலகையில் பட்டியாக ஒட்டியிருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

பேத்திக்கு இதையெல்லாம் கடிதமாகவே எழுதிவிட்டேன். கடைசி வரி இது: “அம்மா, மற்றதையெல்லாம் கேட்டுக் கேட்டுச் செய்து பார். இதை மட்டும் கேட்டுக்கொண்டு செய்யாமல் இரு. உன்னோடு உட்காருகிற ஆசிரியருக்கும் வீட்டில் யாராவது காத்திருப்பார்கள்.” பதிலுக்கு ஒரு ஃபோட்டோ அனுப்பியிருக்கிறாள். ஏணியில் ஏறி, கையில் டார்ச் லைட்டோடு, அந்த ரப்பர்த் தடுப்பைப் பார்த்துக் கொண்டிருக்கிறாள்.

எனக்கு அது போதும்.

திரும்பிப் போகும்போது பஸ்ஸில் கடைசி சீட்டு எனக்கு வேண்டாம்.